ஆச்சி வீட்டுக் கோடை

சித்திரை பிறந்துவிட்டால் எங்கள் வீட்டுத் தொலைபேசிக்கு ஓய்வே கிடையாது. "ஆச்சி, மாங்கா காய்ச்சாச்சா?" என்று ஒரு பேரன். "அம்மா, ஆத்துல தண்ணி போகுதா?" என்று மகள். "அத்தை, வரும்போது என்ன வாங்கிட்டு வரட்டும்?" என்று மருமகள். எல்லாருக்கும் ஒரே பதில்தான்: "நீங்க வந்து சேருங்க, மத்ததெல்லாம் இங்க இருக்கு."

லீவுக்குப் பேரன் பேத்திகள் வந்துபோவது எல்லா வீட்டிலும் நடப்பதுதானே, இதில் எழுத என்ன இருக்கிறது என்று நீங்கள் கேட்கலாம். எனக்கும் சென்ற வருஷம் வரை அப்படித்தான் தோன்றியது. ஆனால் இந்தக் கோடை கொஞ்சம் வேறு மாதிரி. போன கார்த்திகையில், அடைமழைக் காலத்தில், கிணற்றடியில் கால் வழுக்கி விழுந்து என் வலது மணிக்கட்டு முறிந்துபோனது. என் சத்தம் எதிர்வீட்டுக்குக் கேட்கக் கால் மணி நேரம் ஆயிற்று. எழுபது வயதுக்காரி, வீட்டில் தனியாள். அன்றிலிருந்து பிள்ளைகள் ஒரே முடிவாகச் சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள்: "வீட்டைக் குடுத்துட்டு எங்களோட வந்துருங்க." நான் ஒன்றே ஒன்று கேட்டேன். "கோடைக்கு எல்லாரும் ஒரு மாசம் வாங்க. இருந்து பாத்துட்டு, கடைசியில உட்காந்து பேசுவோம்."

வந்தார்கள். கோயம்புத்தூரிலிருந்து மூத்த மகள், மருமகன், நாலு மாதக் கைக்குழந்தையோடு அவர்கள் மகள். சென்னையிலிருந்து மகன், மருமகள், அவர்களின் பன்னிரண்டு வயதுப் பையன், எட்டு வயதுப் பெண். பெங்களூரிலிருந்து இளைய மகளும் அவள் பத்து வயதுப் பையனும். அவள் கணவர் கடைசி வாரம் வந்து சேர்ந்துகொண்டார். ஆண்கள் இடையில் வேலைக்குப் போய்விட்டுத் திரும்பினார்கள். எல்லாரும் இருந்த நாட்களில் என்னையும் சேர்த்துப் பன்னிரண்டு பேர். கைக்குழந்தை புண்ணியத்தில் எனக்குப் 'பூட்டி' என்று புதுப் பதவி!

ஆற்றின் மடியில் ஓர் ஊர்

எங்கள் ஊர் அம்பாசமுத்திரம். 'அம்பை' என்றால்தான் எங்களுக்கு வாய்க்கு வரும். திருநெல்வேலியிலிருந்து மேற்கே சுமார் 35 கிலோமீட்டர். செங்கோட்டை ரயிலில் ஏறினால் சேரன்மகாதேவி, காருகுறிச்சி, வீரவநல்லூர், கல்லிடைக்குறிச்சி என்று வயலும் வாழையுமாக வந்துகொண்டே இருக்கும். மேற்கே பொதிகை மலை நீல நிறத்தில் கூடவே வரும். 2012-ல் இந்தத் தடம் அகலப் பாதையானது. நான் கல்யாணமாகி 1975-ல் வந்தபோது மீட்டர் கேஜ், கரி எஞ்சின். புதுப் பட்டுப்புடவையில் கரித்துகள் விழுமே என்று என் அம்மா ஜன்னலோரம் உட்காரவே விடவில்லை.

ஊருக்கும் கல்லிடைக்குறிச்சிக்கும் நடுவில் தாமிரபரணி ஓடுகிறது. பொதிகையில் பிறந்து, புன்னைக்காயல் பக்கம் கடலில் சேர்கிற ஆறு. பிறந்ததும் சேர்வதும் தமிழ்நாட்டுக்குள்ளேயே என்பதில் எங்கள் ஊர்க்காரர்களுக்கு ஒரு தனிப் பெருமை. ஆற்றில் வரிசையாக எட்டு அணைக்கட்டுகள் இருக்கின்றன. எங்கள் பக்கத்து வயல்களுக்கு நதியுண்ணிக் கால்வாய். கல்லிடைக்குறிச்சிப் பக்கம் கன்னடியன் கால்வாய். கார், பிசானம் என்று இரண்டு போகம். ஊரிலேயே 1937-லிருந்து நெல் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. அங்கிருந்து 1986-ல் 'அம்பை 16' நெல் வெளிவந்தபோது, என் வீட்டுக்காரர் அதை வயலில் போட்டுவிட்டு, பிள்ளையைத் தொட்டிலில் போட்டவர் மாதிரி தினம் இரண்டு தரம் போய்ப் பார்த்துவிட்டு வருவார்!

அவர்களுக்கு இன்னொரு பழக்கம். காலையில் பேப்பர் வந்ததும் முதலில் பார்ப்பது அணை நீர்மட்டம். பாபநாசம் அணை 143 அடி, மணிமுத்தாறு 118 அடி. அதில் இன்றைக்கு எவ்வளவு என்று பார்த்து, ஒரு நோட்டில் குறித்துவைப்பார்கள். அவர்கள் போன பிறகு அந்த நோட்டு அலமாரியில் கிடந்தது. இந்தக் கோடையில் சென்னைப் பேரன் அதை எடுத்துத் தூசி தட்டி, தாத்தா விட்ட பக்கத்துக்கு அடுத்த பக்கத்தில் தேதி போட்டு எழுத ஆரம்பித்தான். நான் சொல்லவில்லை, அவனாகத்தான். அடுப்படியிலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். அன்று பாலைப் பொங்கவிட்டேன் என்று மருமகள் இன்னும் கேலி செய்கிறாள்.

சும்மா இருந்தால் சோறு கிடையாது

எங்கள் வீடு அந்தக் காலத்து நீள வீடு. திண்ணை, தார்சா, பட்டாசல், ரெண்டாங்கட்டு, அடுப்படி, அப்புறம் புறவாசல். தெருவாசலில் நின்று பார்த்தால் புறவாசல் கிணறு தெரியும். கிணற்றைச் சுற்றித்தான் என் தோட்டம்.

பிள்ளைகள் வந்த மறுநாளே நான் ஒரு சட்டம் போட்டேன். "இந்த வீட்டுல விருந்தாளி யாரும் கிடையாது. ஆளுக்கு ஒரு வேலை. வேலை முடிஞ்சாத்தான் இட்லி." பெங்களூர்ப் பையன் அவன் அம்மாவைத் திரும்பிப் பார்த்தான். அவள், "என்னைப் பாக்காதடா, எங்களையும் ஆச்சி இப்படித்தான் வளர்த்தா" என்றுவிட்டாள்.

வெயில் ஏறுமுன் ஆறிலிருந்து எட்டரை மணி வரை தோட்டம். சென்னைப் பேரனுக்குக் குழி வெட்டும் வேலை. ஆடிப் பட்டம் தேடி விதைக்க வேண்டும் என்றால் சித்திரையிலேயே குழி தயாராக வேண்டும். முக்கால் முழத்துக்குக் குழி வெட்டி, மண்ணைப் பக்கத்தில் குவித்து, இரண்டு மூன்று வாரம் வெயில் காயவிட வேண்டும். மண்ணில் இருக்கும் பூச்சி, முட்டை எல்லாம் அந்தச் சூட்டில் செத்துவிடும். அப்புறம் மக்கிய தொழுவுரமும் சருகும் போட்டு மூடிவிட்டால் ஆடியில் புடலை, பீர்க்கு, அவரை போடலாம்.

"நான் ஆடி மாசம் இங்க இருக்க மாட்டேனே ஆச்சி. குழி வெட்டறது நான், காய் திங்கறது யாரு?" என்று கேட்டான்.

"இந்த மாமரத்தை வச்சது உங்க தாத்தாவோட அப்பா. நீதான அதுல ஏறிக் கிடக்கே?" என்றேன். அதற்கு மேல் கேள்வி வரவில்லை. எட்டுக் குழி வெட்டினான்.

எட்டு வயதுக்காரிக்கு அவ்வளவு பொறுமை கிடையாது. இன்று போட்டால் நாளைக்கு முளைக்க வேண்டும். அவளுக்கு நான் கீரைப் பாத்தி கொடுத்தேன். வீட்டில் சின்னக் குழந்தைகள் இருக்கும் சகோதரிகளுக்கு இதைச் சிபாரிசு செய்கிறேன். கீரை விதை பொடிப்பொடியாக இருக்கும். அப்படியே தூவினால் ஓரிடத்தில் கொட்டிவிடும். ஒரு பங்கு விதைக்கு நாலு பங்கு மணல் கலந்து தூவி, மேலே லேசாக மண் போட்டு, பூவாளியால் தண்ணீர் தெளிக்க வேண்டும். விதையை எறும்பு தூக்கிக்கொண்டு போகாமல் பாத்தி ஓரத்தில் அடுப்புச் சாம்பலைத் தூவலாம். நாலாம் நாள் பச்சை தட்டும்; இருபத்தைந்து நாளில் பறிக்கலாம். லீவு முடிவதற்குள் அவள் கையால் பறித்து, அவள் அம்மா கையால் கடைந்து, எல்லாரும் சாப்பிட்டோம். வீட்டில் கீரை என்றால் முகத்தைத் திருப்பிக்கொள்ளும் பெண், "என் கீரை, எனக்கு ரெண்டு கரண்டி" என்று சண்டை போட்டாள்!

பெங்களூர்ப் பையனுக்குத் தண்ணீர் இலாகா. அரிசி கழுவிய கழனித் தண்ணீர் கறிவேப்பிலைக்கு. புளித்த மோர் மிஞ்சினால் தண்ணீர் விளாவி அதுவும் கறிவேப்பிலைக்கு. குளித்த தண்ணீர் வாழைக்கு. குடிக்கிற தண்ணீருக்குக் காருகுறிச்சி மண்பானை. சாயங்காலம் நிரப்பி வைத்தால் காலையில் ஜில்லென்று இருக்கும். முதல் வாரம் அவனுக்குக் கறிவேப்பிலை எது, வேம்பு எதுவென்று தெரியாது. மூன்றாம் வாரம் பிச்சிக்கொடிக்கு முட்டுக் கொடுக்க அவனே கம்பு தேடிக்கொண்டு வந்தான்.

செல்போனைப் பிடுங்கினீர்களா என்று கேட்பீர்கள். இல்லை. பிடுங்கினால் பகைதான் மிஞ்சும். காலையில் மண்வேலை, பத்து மணிக்குக் குளியல், வயிறு நிறையச் சாப்பாடு என்றால் மத்தியானம் தானாகத் தூக்கம் வந்துவிடுகிறது. பத்தமடைக் கோரைப் பாயைப் பட்டாசலில் விரித்துவிட்டால் மெத்தை கேட்கிறவர்கள் யாரும் கிடையாது.

கைக்குழந்தையும் அக்கினி நட்சத்திரமும்

எனக்கு அதிகக் கவலை தந்தது பேத்தியும் அவள் கைக்குழந்தையும்தான். அக்கினி நட்சத்திரத்தில் அம்பை வெயில் சாதாரணமாக இருக்காது. எதிர்வீட்டு அம்மாள் குழந்தையைப் பார்க்க வந்தவர், "மைனி, இந்த வெக்கையில பிள்ளைக்கு நாக்கு வறளுமே! ரெண்டு சங்கு தண்ணி புகட்டினா என்ன?" என்றார். அன்பாகத்தான் சொன்னார். பேத்தியின் முகம் வாடிவிட்டது. பெரியவர்கள் சொல்வதைத் தட்டவும் முடியவில்லை, கேட்கவும் முடியவில்லை.

நான் குறுக்கே வந்தேன். "வேண்டாம் மைனி. ஆறு மாசம் வரைக்கும் தாய்ப்பாலைத் தவிர ஒரு சொட்டு எதுவும் வேண்டாம்னு டாக்டரம்மா சொல்லியிருக்காங்க. வெயில் காலத்துக்கும் அதேதான்." தாய்ப்பாலில் பெரும்பகுதி தண்ணீர்தானே! வெயில் நாளில் அடிக்கடி பால் கொடுத்தால் குழந்தைக்கு அது போதும். இத்தனை சின்ன வயிற்றில் தண்ணீரை நிரப்பினால் பாலுக்கு இடம் குறையும். தண்ணீர் சுத்தமில்லை என்றால் வயிற்றுப்போக்கும் வரும். குழந்தை ஒரு நாளைக்கு ஆறு தடவைக்குக் குறையாமல் துணி நனைத்தால் பால் போதுகிறது என்று தைரியமாக இருக்கலாம். ஒரு வயது வரை நாக்கில் தேன் தடவுவதும் கூடாது. தண்ணீர் குடிக்க வேண்டியது தாய்தான். பேத்தி பால் கொடுக்க உட்காரும்போதெல்லாம் பக்கத்தில் ஒரு செம்பு தண்ணீரோ நீர்மோரோ வைப்பது என் வேலை.

பெரிய குழந்தைகளுக்குப் பானகம், நீர்மோர், நுங்கு, காலையில் கிடைத்தால் பதனீர். பதினொன்றிலிருந்து நாலு மணி வரை வெளியே தலைகாட்டக் கூடாது. நடுவில் ஒரு நாள் சென்னைப் பேத்திக்கு வயிற்றுப்போக்கு வந்தது. உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலம் கடைசியில் தீர்ந்துபோயிருந்தது. கொதிக்கவைத்து ஆறிய ஒரு லிட்டர் தண்ணீரில் தலைதட்டிய ஆறு தேக்கரண்டி சர்க்கரை, தலைதட்டிய அரைத் தேக்கரண்டி உப்பு. இதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்தோம். அளவு முக்கியம்; உப்பு கூடிவிடக் கூடாது. மறுநாள் டாக்டரிடமும் காட்டினோம், சரியாகிவிட்டது. குழந்தை சோர்ந்து போனாலோ, சிறுநீர் குறைந்தாலோ, கண் குழி விழுந்தாலோ வீட்டு வைத்தியத்தை நம்பிக் காத்திருக்கக் கூடாது, உடனே ஆஸ்பத்திரிதான்.

ஆற்றுக்குப் போனால்

ஆறு இருக்கும் ஊருக்கு வந்துவிட்டுக் குளியலறையில் குளிப்பதா? சாயங்காலம் வெயில் தாழ்ந்ததும் காசிநாத சுவாமி கோயில் பக்கம் படித்துறைக்குக் கிளம்பிவிடுவோம். ஆனால் அங்கேயும் சட்டம் உண்டு. முழங்காலுக்கு மேல் தண்ணீர் உள்ள இடத்தில், ஒரு பிள்ளைக்கு ஒரு பெரியவர் கைதொடும் தூரத்தில். நாங்கள் சின்னவர்களாக இருந்தபோது முதுகில் காய்ந்த சுரைக்குடுக்கையைக் கட்டி நீச்சல் பழக்குவார்கள். இப்போது மருமகன் இரண்டு பையன்களுக்கும் நெஞ்சைத் தாங்கிப் பிடித்துக் கைகால் அடிக்கச் சொல்லிக் கொடுத்தார். மாசக் கடைசியில் நாலு பாகம் தூரம் நீந்தினார்கள்.

ஆறு நேற்றுப் போல் இன்று இருக்கும் என்று நம்பக் கூடாது. மணல் எடுத்த குழிகள் கண்ணுக்குத் தெரியாது. மலையில் மழை பெய்தால் இங்கே வெயில் அடிக்கும்போதே வெள்ளம் வரும். 2024 மே 17-ஆம் தேதி பழைய குற்றால அருவியில் திடீரென்று வந்த வெள்ளம் பதினேழு வயதுப் பையனை அடித்துக்கொண்டு போனது எங்கள் பக்கத்தில் யாருக்கும் மறக்கவில்லை. சீசன் வருமுன் கோடையில் மழை பெய்து அருவி விழுகிறது என்று கேள்விப்பட்டதும் பிள்ளைகள் குற்றாலம் போக வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார்கள். ஒரு மணி நேரப் பயணம்தான். ஆனால் அன்று மலையில் மேகம் கறுத்துக்கொண்டிருந்தது. "வேண்டாம்" என்றேன். இரண்டு நாள் கழித்து, வானம் வெளுத்த பிறகு, குளிக்க அனுமதி உண்டா என்று விசாரித்துக்கொண்டு போனோம். ஐந்தருவியில் நூல் நூலாகத்தான் தண்ணீர். அதற்கே அவர்கள் போட்ட கூச்சல், ஆனி மாதச் சாரலில் நனைந்தவர்கள் மாதிரி இருந்தது.

இன்னொரு நாள் பாபநாசம் போய் சுவாமி தரிசனம் முடித்து, அகஸ்தியர் அருவியில் குளித்தோம். படித்துறையில் பரிகாரம் என்று ஆற்றில் விட்ட துணிகள் பாறைகளில் சிக்கிக் கிடந்தன. "இதெல்லாம் யாரு துணி?" என்று கேட்டாள் சின்னவள். "பாவத்தைத் தொலைக்கிறோம்னு ஆத்துல விட்டுட்டுப் போறாங்கம்மா." "அப்ப ஆத்துக்குப் பாவம் வந்துராதா?" என்றாள். மருமகனும் பையன்களும் கைக்கு எட்டின துணிகளை இழுத்துக் கரையில் போட்டார்கள். எட்டு வயதுப் பெண் கேட்டதற்கு நம்மிடம் பதில் இல்லை என்றால், அடுத்த தடவை நாமாவது விடாமல் இருக்கலாமே!

ராத்திரி மொட்டைமாடியில் கதை. கன்னடியன் கால்வாய்க் கதையை எத்தனை தரம் சொன்னாலும் அலுக்காது. கன்னட தேசத்திலிருந்து வந்த ஒருவர் ஊருக்கு வாய்க்கால் வெட்ட நினைத்தாராம். எந்த வழியாக வெட்டுவது என்று தெரியவில்லை. "முன்னால ஒரு பசு போகும், அது நடந்த வழியே வாய்க்கால் வெட்டு. படுத்த இடத்துல குளம் வெட்டு, கோமியம் விட்ட இடத்துல மடை வை" என்று அகத்தியர் சொன்னாராம். பசு வளைந்து வளைந்து நடந்ததால்தான் வாய்க்காலும் வளைந்து போகிறது என்று சொன்னதும், "ஆச்சி, அந்தப் பசு நேரா நடந்திருந்தா?" என்று ஆரம்பிப்பான் பெங்களூர்ப் பேரன். பாதி ஊரில் நெல் விளைந்திருக்காது என்பேன்.

அடுப்படி ராஜ்யம்

மொட்டைமாடியில் கூழ் வத்தல் இல்லாத கோடை உண்டா? ராத்திரியே மாவைக் காய்ச்சி வைத்து, விடிந்ததும் பழைய வேட்டியில் பிழிந்துவிடுவோம். காவலுக்குக் கறுப்புக் குடையோடு இரண்டு பையன்கள். காக்கை தின்றது கொஞ்சம்; காவலர்கள் தின்றதுதான் அதிகம். அப்பளத்துக்குக் கவலையே இல்லை, பாலத்தைத் தாண்டினால் கல்லிடைக்குறிச்சி.

பேத்திக்காக வாரம் இரண்டு நாள் உளுந்தஞ்சோறும் எள்ளுத் துவையலும். தோலுளுந்து போட்டுப் பொங்கும் சோறு பெண்களின் இடுப்புக்குப் பலம் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. தோட்டத்துக் காயும் முருங்கைக் கீரையும் போட்டு ஒரு நாள் கூட்டாஞ்சோறு. எல்லாரும் சேர்ந்திருந்த கடைசி ஞாயிற்றுக்கிழமை சொதி. கல்யாணத்துக்கு மறுநாள் மாப்பிள்ளை வீட்டாருக்குப் போடுகிற சாப்பாடு அது. தேங்காயில் மூன்று பால் எடுத்து, மூன்றாம் பாலில் காயை வேகவைத்து, வெந்த பாசிப்பருப்பைச் சேர்த்து, இரண்டாம் பாலை விட்டுக் கொதித்ததும், கெட்டியான முதல் பாலை விட்டு நுரைத்து வரும்போதே இறக்கிவிட வேண்டும். கொதித்தால் திரிந்துபோகும். ஆறின பிறகு எலுமிச்சம்பழம் பிழிய வேண்டும். தொட்டுக்கொள்ள இஞ்சிப் பச்சடி. தேங்காய்ப்பால் செரிக்க அதுதான் துணை. என் கை இன்னும் முழுப் பலத்துக்கு வராததால், நான் முக்காலியில் உட்கார்ந்து சொல்லச் சொல்ல மருமகளே தேங்காய் துருவி, பால் பிழிந்து, இறக்கினாள். மகன் ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு, "அம்மா பண்ணினதா?" என்றான். "உன் பெண்டாட்டி பண்ணினது" என்றேன்.

பேசித் தீர்த்த ராத்திரி

அன்று ராத்திரிதான் பேச்சு வந்தது. பிள்ளைகளைத் தூங்கவைத்துவிட்டுப் பட்டாசலில் எல்லாரும் உட்கார்ந்தோம்.

மகன்தான் ஆரம்பித்தான். "அம்மா, இந்த வீடு எனக்கும் பிரியம்தான். ஆனா ராத்திரி நீ விழுந்தா யாரு தூக்குவா? அன்னிக்குக் கால் மணி நேரம். அதுவே ஒரு மணி நேரம் ஆகியிருந்தா? தலையில அடி பட்டிருந்தா?" அவன் குரல் நடுங்கியது. அவன் சொன்னதில் தப்பே கிடையாது. எனக்கும் அந்தப் பயம் உண்டு. மழை ராத்திரிகளில் புறவாசல் கதவைத் திறக்கும்போதெல்லாம் அந்தக் கால் மணி நேரம் ஞாபகத்துக்கு வரும். வீடு பழசு, ஓட்டை மாற்ற வேண்டும், வாங்க ஆளும் கேட்டு வந்திருக்கிறார்கள். மூத்த மகளும் அவன் பக்கம்தான். இளையவள் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். மருமகன்கள் இருவரும் மரியாதைக்குப் பேசாமல் இருந்தார்கள்.

எதிர்பாராமல் பேசியது என் மருமகள். சென்னையிலேயே பிறந்து வளர்ந்தவள். "நான் ஒண்ணு சொல்லட்டுமா? அத்தை இங்க காலையில அஞ்சரைக்கு எழுந்திருக்காங்க. பூப் பறிக்கறாங்க, தண்ணி விடறாங்க, கோயிலுக்கு நடக்கறாங்க, நாலு பேரோட பேசறாங்க. போன தடவை கையில கட்டோட நம்ம வீட்டுல ஆறு வாரம் இருந்தாங்களே, என்ன செஞ்சாங்க? நாம ரெண்டு பேரும் ஆபீஸ் போயிடறோம். பசங்க ஸ்கூல். ஏழாவது மாடியில டி.வி. முன்னால உட்கார்ந்திருந்தாங்க. கட்டுப் பிரிச்சப்போ கையை விடக் காலுக்குத்தான் பலம் குறைஞ்சிருந்தது. விழக் கூடாதுன்னு கூட்டிட்டுப் போய், நடக்க முடியாம பண்ணிடப் போறோமா?"

யாரும் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு மூத்த மருமகன் ஒரு தாளை எடுத்தார். "அப்படின்னா விழாம இருக்க என்ன செய்யலாம்னு எழுதுவோம்" என்றார். எழுதினோம். கிணற்றடியில் வழவழப்புக் கல்லை எடுத்துவிட்டுச் சொரசொரப்புத் தளம். குளியலறையிலும் கக்கூசிலும் கைப்பிடிக் கம்பி; உட்காரும் வகைக் கோப்பை. படுக்கையிலிருந்து புறவாசல் வரை ராத்திரி விளக்கு. கழுத்தில் மாட்டிக்கொள்ளும்படி செல்போன். ராத்திரித் துணைக்கு, வீட்டு வேலைக்கு வரும் பெண்ணும் அவள் மகளும் ரெண்டாங்கட்டில் படுத்துக்கொள்வது. அதற்குத் தனியாகச் சம்பளம். ஐப்பசி, கார்த்திகை மழை மாதங்களில் நான் பிள்ளைகள் வீட்டில். கண் டாக்டரிடமும், எலும்புத் தேய்மானத்துக்கும் பரிசோதனை. தொங்கும் புடவைக் கரையை மிதித்துக்கொண்டு நடக்காமல், நல்ல பிடிமானமுள்ள செருப்பு.

வீட்டை விற்கும் பேச்சு அடியோடு போய்விட்டது என்று சொல்லமாட்டேன். அடுத்த சித்திரையில் மறுபடி உட்கார்ந்து பேசுவோம் என்றுதான் முடிந்தது. அதுவும் நியாயம்தான். எழுபதில் முடிவதெல்லாம் எழுபத்தைந்தில் முடியுமா என்று எனக்கும் தெரியாது.

மறுநாள் காலை பேரன் ஒரு பெரிய அட்டையில் எல்லார் தொலைபேசி எண்களையும், ஆம்புலன்ஸுக்கு 108 என்றும் கொட்டை எழுத்தில் எழுதிப் பட்டாசல் சுவரில் ஒட்டினான். தரையில் விழுந்து கிடந்தாலும் கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்று முழங்கால் உயரத்தில் இன்னொன்று ஒட்டினான்! பெரியவர்களுக்குத் தோன்றாத யோசனை.

ஜூன் முதல் வாரத்துக்குள் எல்லாரும் கிளம்பிப் போய்விட்டார்கள். அணை திறந்து கால்வாயில் தண்ணீர் வந்துவிட்டது. கார் நாற்று பாவுகிறார்கள். எட்டுக் குழியும் மூடியாயிற்று. விதை போட்டதும் சொல்ல வேண்டும் என்று பேரன் உத்தரவு.

சகோதரிகளே, உங்கள் வீட்டிலும் ஓர் ஆச்சியோ பாட்டியோ எங்காவது தனியாக இருப்பார்கள். லீவில் பிள்ளைகளை அங்கே அனுப்பும்போது நாலு இடம் சுற்றிக் காட்டச் சொல்லாதீர்கள். ஒரு வேலை கொடுக்கச் சொல்லுங்கள். சுற்றிப் பார்த்த ஊர் மறந்துபோகும். வேலை செய்த ஊர் சொந்த ஊராகிவிடும். நீங்கள் போகும்போது அம்மாவுக்குப் புடவை வாங்கிப் போவது நல்லதுதான். அதோடு ஒரு தரம் குளியலறைக்குள் போய்த் தரையைக் காலால் தேய்த்துப் பாருங்கள். கைப்பிடிக் கம்பி இருக்கிறதா என்று பாருங்கள். ராத்திரி எழுந்து புறவாசல் வரை ஒரு நடை நடந்து பாருங்கள். அப்புறம் உட்கார்ந்து பேசுங்கள். "எங்க கூட வந்துரு" என்பதற்கு முன்னால், "இங்கேயே நல்லா இருக்க உனக்கு என்ன வேணும்?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.